எட்டு ஷில்லிங் தையல்கூலி

அன்புள்ள வசந்தா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்கான திட்டை நேரில் வைத்துக்கொள். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மூர்த்தி வழக்கம்போல் கடன் கேட்டான், வழக்கம்போல் கொடுத்தேன்.

இப்போது என்னை எழுத வைத்தது ஒரு துணி. ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை நடப்பிலிருந்த சூனியத் தடைச் சட்டத்துக்குப் பலியானவர்களின் நினைவாக ஒரு டார்ட்டான் கட்டத்துணியை வடிவமைத்து, 2025இல் அரசுப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். கிளேர் மிட்செல் என்ற வழக்கறிஞரும் ஸோயி வெண்டிடோஸி என்ற எழுத்தாளரும் நடத்தும் இயக்கத்தின் முயற்சி அது. கறுப்பும் சாம்பல் நிறமும் அந்த இருண்ட காலத்துக்கும் எரிக்கப்பட்டவர்களின் சாம்பலுக்கும், சிவப்பு இரத்தத்துக்கும். பெரிய கறுப்புக் கட்டத்தில் 173 இழைகள், சட்டம் நீடித்த ஆண்டுக்கு ஒன்றாக. பாவின் (நெடுக்கு இழைகளின்) வரிசையே ஊடையிலும் (குறுக்கு இழைகளிலும்) வருவதால், எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த ஆண்டுகளிலிருந்து தப்ப முடியாது. இளஞ்சிவப்புக் கோடு மட்டும் உங்கள் இனத்துக்கு, வக்கீலம்மா: அன்றும் இன்றும் சட்ட ஆவணங்களைக் கட்டும் நாடாவின் நிறம் அது.

அந்தக் கோடுதான் என்னை உறுத்துகிறது. குற்றம் சாட்டப்பட்ட ஏறத்தாழ 3,800 பேரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை அழித்தது வெறிபிடித்த கும்பல் என்றால் மனம் ஆறியிருக்கும். ஆனால் விசாரணை ஆணை, தூங்கவிடாமல் வாங்கிய வாக்குமூலம், தீர்ப்பு, கடைசியில் செலவுக் கணக்கு என்று எல்லாமே முறைப்படி நடந்திருக்கிறது. 1633இல் கிர்கால்டியில் அலிசன் டிக், வில்லியம் கோக் இருவரையும் எரித்த கணக்கைப் படித்தேன். நிலக்கரிக்கு 3 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். கயிற்றுக்கு 14 ஷில்லிங். அவர்களுக்கு அங்கி தைக்க முரட்டு நார்த்துணி 3 பவுண்டு 10 ஷில்லிங். தையல்கூலி 8 ஷில்லிங். எரித்த கரியைவிட எரியப்போகிற துணிக்கு விலை அதிகம்! கூலி வாங்கியவர் அலிசனுக்கு அளவெடுத்துத்தான் தைத்தாரா?

டார்ட்டானை நான் குறை சொல்லவில்லை. 2022இல் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் கேட்ட மன்னிப்பு செய்தியோடு போயிற்று. கழுத்தில் கிடக்கும் துணியைப் பற்றியோ யாராவது எப்போதும் கேட்பார்கள். ஆயினும் அது அழகாக இருக்கிறது, எனக்குச் சற்றே அதிகமான அழகு. ஆகவே சாயமேற்றாத முரட்டு நூலில் ஓர் அங்கி நெய்து, விளிம்பில் மட்டும் நாடா வைத்துத் தைக்கப்போகிறேன். மாணவர்கள் அதை உடுத்திப் பார்க்கட்டும், உறுத்தட்டும்.

உன் அலுவலகத்தில் கழித்துப்போட்ட நாடா இருந்தால் ஒரு கட்டு அனுப்பு. எந்த வழக்கினுடையது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
கலா