எதற்குக் கிழக்கு?

மதிப்பிற்குரிய கிராண்ட் எஸ்ட் பிராந்திய சபைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2016இல் பிரான்சின் கிழக்கிலுள்ள அல்சாஸ், லொரேன், ஷாம்பாஞ்-ஆர்தென் என்ற மூன்று பிராந்தியங்களையும் சேர்த்து கிராண்ட் எஸ்ட் என்று பெயர் வைத்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பாரிஸிலிருந்து வரும் எங்கள் ஆட்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் வேலை. போன மாதம் கொல்மார் கடைத்தெருவில், கைக்கு வந்த வரைபடத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, எப்ப நாங்கள் அல்சாஸுக்குப் போய்ச் சேருவம்?" வரைபடத்தில் அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. கொட்டை எழுத்தில் கிராண்ட் எஸ்ட் மட்டும். நிற்கிற இடமே அல்சாஸ்தான் என்று அவரை நம்பவைப்பதற்குள் பஸ் புறப்படும் நேரமாகிவிட்டது.

கிராண்ட் எஸ்ட் என்றால் பெரிய கிழக்கு. எதற்குக் கிழக்கு? பாரிஸுக்கு. எங்களுக்குப் பாரிஸ் மேற்கே இருக்கிறது; அதற்காகப் 'பெரிய மேற்கு' என்று நாங்கள் பெயர் வைத்தோமா? பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாசப்பலுக்குக் கிட்ட இருக்கும் கிழக்கு ரயில் நிலையம்கூட 1849இல் திறந்தபோது ஸ்ட்ராஸ்பூர் பெயரில்தான் இருந்தது. 1854இல் அதையும் கிழக்காக்கினார்கள். பழைய பழக்கம் போலிருக்கிறது.

அல்சாஸ் என்பது இல் ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களால் வந்த பெயர் என்பார்கள் சிலர்; அயலார் குடியேறிய இடம் என்று பழைய ஜெர்மன் மொழியிலிருந்து பொருள் சொல்வார்கள் வேறு சிலர். எதுவானாலும் அதில் மனிதர்கள் இருக்கிறார்கள். லொரேன் என்ற பெயரில் 855இல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் லொத்தேர் அரசர் இருக்கிறார். ஷாம்பாஞ் என்ற பெயரில் அந்த ஊர்ச் சமவெளியே இருக்கிறது. 1871, 1918, 1940, 1945 என்று அல்சாஸ் ஜெர்மனிக்கும் பிரான்சுக்குமாக மாறி மாறிப் போனபோதும் ஜெர்மன் மொழியில் எல்சாஸ் என்றோ பிரெஞ்சில் அல்சாஸ் என்றோதான் சொன்னார்கள்.

மக்களிடம் கேட்டுத்தானே வைத்தோம் என்பீர்கள். கேட்டீர்கள். ரைன்-ஷாம்பாஞ், புதிய ஒஸ்ட்ராசி என்றெல்லாம் பட்டியலில் இருந்தன, அல்சாஸ் இல்லை. இலையில் சோறே வைக்காமல் எந்தக் குழம்பு வேண்டும் என்று கேட்டதுபோல. 2021இல் அல்சாஸ் பெயரில் ஒரு நிர்வாகம் வந்தது உண்மைதான். அதுவும் உங்கள் கிழக்குக்குள்ளேயே. அது நடத்திய கருத்துக் கேட்பில் பங்கெடுத்தவர்களில் 92 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்தப் பிராந்தியத்தை விட்டு விலகவேண்டும் என்றார்கள். அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று கேட்டால் கோபம்தான் வரும், விடுங்கள்.

பிராந்தியத்தைப் பிரிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நீங்கள் அச்சடிக்கும் வரைபடத்திலும் படிவத்திலும் வழிப்பலகையிலும் கிராண்ட் எஸ்ட்டுக்குக் கீழே அல்சாஸ், லொரேன், ஷாம்பாஞ்-ஆர்தென் என்று அந்தந்த இடத்துப் பெயரையும் போடுங்கள். சின்ன எழுத்திலாவது போடுங்கள். டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூர் நத்தார் சந்தைக்குக் கூட்டம் வரும். அதற்கு முன் செய்து தருவீர்கள் என்றால் நன்றியுடையவனாவேன்.

மரியாதையுடன்,
அல்சாஸில் குடியிருக்கும் ஒரு தமிழன்