கட்டில் காலுக்கு இரண்டு கட்டைகள்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்ததைப் பற்றி நாலு வரி, ராத்திரி எதுக்களிப்பதைப் பற்றி ஒன்றரைப் பக்கம்! நமக்கு வயசாகிவிட்டதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீ எழுதியதெல்லாம் நானும் பட்டதுதான். நடுராத்திரியில் தொண்டை வரைக்கும் புளிப்பு ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவேன். விடிந்தால் குரல் கட்டியிருக்கும். இரண்டு வருஷம் அதற்கு மாத்திரை மட்டும் போட்டேன். குறட்டையை என் கணக்கிலேயே சேர்க்கவில்லை; அது கமலாவின் கஷ்டம்தானே! கடைசியில் தூக்கப் பரிசோதனை செய்தபோது ஒரு மணி நேரத்துக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 30-ஐத் தொட்டாலே தீவிரமாம்.

டாக்டர் சொன்னபிறகுதான் மூச்சுத் தடைக்கும் எதுக்களிப்புக்கும் உள்ள உறவு புரிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டாலும் நெஞ்சு காற்றுக்காக இழுத்துக்கொண்டேதான் இருக்கும். காற்று வராது. அந்த இழுப்பில் இரைப்பையிலுள்ள அமிலம் மேலே ஏறலாம். தூக்கத்தில் எச்சில் விழுங்குவதும் குறைவு, அதனால் ஏறியது சீக்கிரம் இறங்காது. தொப்பை இரண்டையுமே கூட்டும் என்பதை அவர் சொல்லாமல் என் வயிற்றைப் பார்த்தார்.

தொண்டை அடைக்காமலிருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் வைத்ததும் எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன். முதல் மாதம் காலையில் வயிறு மத்தளம்! மாஸ்க் வழியாக வந்த காற்றில் பாதியை விழுங்கியிருக்கிறேன். கோபத்தில் பத்து நாள் மெஷினைத் தொடவில்லை, அது மடத்தனம். குறட்டையும் புளிப்பும் சேர்ந்தே திரும்பின. பிறகு மெஷினில் பதிவானதைப் பார்த்து டாக்டர் அழுத்தத்தை மாற்றிக் கொடுத்தார். நீயாக அதில் கை வைக்காதே.

தலையணையை அடுக்காதே. மூன்று வைத்துப் பார்த்தேன்; இடுப்பு மடங்கி வயிறு அழுந்தி, எதுக்களிப்பு கூடியதுதான் மிச்சம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. மரக்கட்டை வைத்தேன். முதல் ராத்திரி இரண்டு பேரும் கால்மாட்டுக்குச் சறுக்கிப் போனோம், கமலா பேசிய பேச்சை எழுத முடியாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படு. அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும். மாஸ்க் தலையணையில் இடித்து 'உஸ்'ஸென்று காற்று கசியும். முகத்தை ஓரத்துக்கு நகர்த்தி, குழாயைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோனேன், நின்றது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நானும் உன்னைப்போல் படுக்கும்போதுதான் போட்டுக்கொண்டிருந்தேன். என்னுடையது சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய வகையாம். உன்னுடையதைக் கேட்டுக்கொள்.

தூக்க மாத்திரை கேட்டு எழுதியிருந்தாயே, உன் தூக்கப் பரிசோதனை முடியும்வரை வேண்டாம். சில மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். வாயையும் மூடும் மாஸ்க் வந்தால், குமட்டிய உடனே கழற்றிவிடு. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் 'வாயு' என்று படுத்துக் கிடக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பரிசோதனைத் தேதி எப்போது? முடிவு வந்ததும் உனக்கு எத்தனை தடவை என்று எழுது. பேத்தியைப் பற்றியும் இன்னும் நாலு வரி.

உன்,
சேகர்