பாபாவிடம் உயரம் மட்டும்தான் இருந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் இரு பெருந்தலைகளான ஜயன்ட் பாபாவையும் அன்டோனியோ இனோக்கியையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். பாபா என்ற பெயரைப் பார்த்ததும் ஆன்மிகப் பக்கத்துக்குத் தள்ளிவிடாமல் விளையாட்டுப் பக்கத்திலேயே போட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி: “இனோக்கி வீரர், ஜயன்ட் பாபாவிடம் இருந்தது உயரம் மட்டுமே.” உயரம் 209 சென்டிமீட்டர். அதை அளக்கத் தையல்காரரின் நாடா போதுமே, இரண்டு பக்கக் கட்டுரை எதற்கு?

தங்களுக்குத் தெரியாததல்ல. பாபாவும் இனோக்கியும், ஜப்பானில் இந்த மல்யுத்தத்தின் தந்தை எனப்படும் ரிகிடோசானின் சீடர்கள். இருவருக்கும் அரங்கேற்றம் ஒரே நாள்: 1960 செப்டம்பர் 30, டோக்கியோ. அன்று பாபா ஜெயித்தார், இனோக்கி கின்தாரோ ஓகியிடம் தோற்றார். 1961 முதல் 1963 வரை இவர்கள் ஒற்றைக்கு ஒற்றை மோதியது 16 முறை. பதினாறும் பாபாவுக்கே. முடிவெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதானே என்பார் உங்கள் கட்டுரையாளர். பேசித்தான் வைத்தார்கள். பதினாறு தடவையும் யார் பெயரைப் பேசி வைத்தார்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டாமா? அந்த 16 பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை.

அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் பட்டம் வென்ற முதல் ஜப்பானியர் இனோக்கி என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. 1979 நவம்பர் 30 அன்று டோக்குஷிமாவில் அவர் அப்போதைய சாம்பியன் பாப் பேக்லண்டை வென்றது உண்மை. அடுத்த வாரமே நடந்த மறுமோதலில் டைகர் ஜீத் சிங் என்ற இன்னொரு வீரர் குறுக்கே புகுந்து குட்டையைக் குழப்ப, பட்டம் காலி என்று ஆனது. அமெரிக்க நிறுவனம் தன் அதிகாரபூர்வப் பட்டியலில் அந்த வெற்றியைச் சேர்க்கவே இல்லை. பாபாவோ இன்னொரு அமெரிக்க அமைப்பான என்.டபிள்யூ.ஏ.யின் உலகப் பட்டத்தை வென்றது மூன்று முறை. 1974 டிசம்பரில் ககோஷிமாவில் ஜாக் பிரிஸ்கோவிடமிருந்து, பிறகு 1979இல் நகோயாவிலும் 1980இல் சாகாவிலும் ஹார்லி ரேஸிடமிருந்து. மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் அவரிடம் தங்கவில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

பாபா நின்ற இடத்தை விட்டு நகராமல் உதைப்பார் என்று வேறு ஒரு கிண்டல். அவருடைய ‘பதினாறு மோன்’ உதையை (மோன் என்பது பழைய ஜப்பானியக் காலணி அளவு) ஒரு தடவையாவது காணொளியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் விளங்கும். எதிராளியைக் கயிற்றுக்கு வீசிவிட்டு, அவன் திரும்பி ஓடிவரும் பாதையில் பாபா பாதத்தை நீட்டி வைப்பார். வேகம் முழுவதும் ஓடிவருபவனுடையது. இவர் அரையடி முன்னால் போனால் கால் மார்புக்கு எழும்ப இடம் இராது. தாமதித்தால் ஆள் மேலேயே வந்து விழுவான். அவ்வளவு நீளக் காலுக்கு நகராமல் நிற்பதுதான் கணக்கு.

அதே பக்கத்துப் படத்தின் கீழே ‘கோப்ரா ட்விஸ்ட்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கோப்ரா ட்விஸ்டில் எதிராளி நிமிர்ந்து நிற்பான். அவன் காலை நம் காலால் பின்னி, கையைப் பிடரிக்குப் பின்னால் வாங்கி, விலா தெறிக்க முறுக்குவது. உங்கள் படத்தில் ஆள் குனிந்திருக்கிறான், இனோக்கியின் ஒரு கால் அவன் கழுத்தின் மேல் கிடக்கிறது. அது ‘மன்ஜி-கத்தமே’ என்ற பிடி. ‘மன்ஜி’ என்றால் ஸ்வஸ்திகம். கைகால்கள் அந்த வடிவில் மடங்குவதால் வந்த பெயர். இனோக்கியின் எடையெல்லாம் எதிராளியின் மேல் சாய்வதால், அவன் கால் மடங்கினால் இருவரும் சேர்ந்தே விழ வேண்டியதுதான். இனோக்கியின் ரசிகராகக் காட்டிக்கொள்ளும் கட்டுரையாளருக்கு இனோக்கியின் பிடியே தெரியவில்லை!

என்னைப் பாபா கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். 2022 அக்டோபரில் இனோக்கி மறைந்தபோது தாங்கள் வெளியிட்ட அஞ்சலியில், 1976இல் புடோக்கான் அரங்கில் முகமது அலியோடு நடந்த மோதலை ‘15 சுற்றுக் கேலிக்கூத்து’ என்றீர்கள். நடுவர் ஜீன் லெபெல் 71-71 என்று மதிப்பெண் போட்டு சமனில் முடிந்த ஆட்டம் அது. தரையில் கிடந்தபடி இனோக்கி உதைத்த உதையில் அலியின் கால்கள் வீங்கிப்போயின. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். இடப்பற்றாக்குறை போலும்.

1972இல் இருவரும் தனித்தனி மல்யுத்த நிறுவனமாகக் கடை விரித்தார்கள், இனோக்கி நியூ ஜப்பான், பாபா ஆல் ஜப்பான் என்று. அலி மோதலின் கடன் நியூ ஜப்பானின் கழுத்தைப் பிடித்தது. பாபாவோ பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுப்பவர் என்று வெளிநாட்டு வீரர்களிடம் பெயர் வாங்கினார். ஆல் ஜப்பானின் மிசாவா, கவாடா, கோபாஷி என்ற வீரர்கள் மோதிய தொண்ணூறுகளின் ஆட்டங்களை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அவற்றுக்கு அட்டவணை போட்டவர் பாபா. இனோக்கிக்கு 1998 ஏப்ரலில் டோக்கியோ டோமில், அலியே வந்திருக்க, பெரிய விடைபெறு விழா நடந்தது. பாபா விழா எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. 1998 டிசம்பர் வரை மேடையேறினார், 1999 ஜனவரி 31 அன்று இறந்தார், வயது 61. உயரம் மட்டுமே இருந்தவர் 38 ஆண்டு எப்படித் தாக்குப்பிடித்தார் என்று கட்டுரையாளர் அடுத்த வாரம் விளக்குவாராக.

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம்: படக்குறிப்பில் பிடியின் பெயர், பட்டங்களின் கணக்கு. பக்கத்தின் அடியில், ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
சந்தா தவறாத வாசகர்

பி.கு.: இனோகி, இனாக்கி, ஐனோக்கி என்று ஒரே கட்டுரையில் மூன்று பேர் வருகிறார்கள். அவர் ஒருவர்தான்.