'பார்ட்டி டவுன்' தொடரின் எபிசோட் வரிசை, தமிழ் சப்டைட்டில் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

வணக்கம்.

உங்கள் ஓடிடி தளத்தில் ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். கட்டியதே 'பார்ட்டி டவுன்' தொடருக்காகத்தான். லாஸ் ஏஞ்சலஸில் சினிமா வாய்ப்புக்குக் காத்திருப்பவர்கள், வயிற்றுப்பாட்டுக்கு ரோஸ் நிற போ டை கட்டிக்கொண்டு விருந்துகளில் பரிமாறப் போகிற கதை. என் தம்பியும் சென்னையில் அப்படித்தான் இருக்கிறான். முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போவான், மற்ற நாளில் ஆடிஷன். அம்மாவுக்கு அதில் மனவருத்தம். சேர்ந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் சப்டைட்டில் உண்டு என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பினேன்.

2009இல் வந்த முதல் சீசனில் 10 எபிசோடுகள். பரிமாறும் குழுவில் ஒருவரான, ஜேன் லிஞ்ச் நடித்த கான்ஸ்டன்ஸ் எட்டாவதோடு போய்விடுவார், கடைசி இரண்டில் அவருக்குப் பதில் ஜெனிஃபர் கூலிட்ஜ் வருவார். உங்கள் தளத்தில் ஒன்பதாவது எபிசோட் மூன்றாவதாக ஓடுகிறது. "இது யாரு புதுசா?" என்று அம்மா கேட்டார். அடுத்ததிலேயே கான்ஸ்டன்ஸ் திரும்ப வந்து நிற்கிறார். 2010இல் வந்த இரண்டாம் சீசனிலும் இதே குழப்பம். முதல் சீசனில் எல்லாரையும் விரட்டி வேலை வாங்கிய ரான், சூப் கடை நடத்தப் போய்த் தோற்று, முன்பு தனக்குக் கீழே பரிமாறிய ஹென்றிக்குக் கீழே பரிமாற வருகிறான். எவ்வளவு ஆசையாக அந்தக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன்! வரிசை மாறினால் அந்த வலியே போய்விடுகிறது.

அப்புறம் சப்டைட்டில். ஹென்றியை ஊருக்குத் தெரிந்ததே ஒரு பீர் விளம்பரத்தில் அவன் சொன்ன வசனத்தால்தான்: "ஆர் வீ ஹேவிங் ஃபன் யெட்?" நடிப்பே வேண்டாம் என்று வந்தவனை, விருந்தில் அடையாளம் கண்டுகொள்பவர்கள் அதையே சொல்லச் சொல்கிறார்கள். தமிழில் ஓரிடத்தில் "நாம் இன்னும் வேடிக்கை கொண்டிருக்கிறோமா", இன்னோரிடத்தில் "விழா ஆரம்பித்ததா", மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. அது அதே வசனம்தான் என்று தெரியாமல், அவன் முகம் ஏன் சுண்டிப்போகிறது என்று அம்மாவுக்கு எப்படிப் புரியும்? "ஜாலியா இருக்கோமா?" என்று எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் போட்டிருந்தால் போதுமே.

இரண்டு முறை சாட்டில் சொன்னேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லி, புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். டிவி, போன், லேப்டாப் மூன்றிலும் அப்படியேதான் இருக்கிறது. 2023இல் வந்த மூன்றாம் சீசனின் 6 எபிசோடுகளில் இரண்டைக் காணவும் இல்லை.

வரிசையைச் சரிசெய்து, விடுபட்ட இரண்டையும் சேருங்கள். சப்டைட்டிலைத் தமிழ் பேசுகிற ஒருவரிடம் கொடுத்து முழுவதும் திருத்த வையுங்கள். 15 நாளில் முடியாவிட்டால் மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள். பணத்தைவிடத் தொடர் சரியாவதுதான் எனக்கு வேண்டும். அம்மா முதலிலிருந்து மறுபடி பார்க்கச் சம்மதித்திருக்கிறார். தீபாவளிக்குத் தம்பி ஊருக்கு வருகிறான். அதற்குள் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
மதுரை