எந்தக் கம்யூனிஸ்ட் என்று சேர்த்துப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "கம்யூனிஸ்ட்டுக்குப் போட்டேன்மா" என்றேன். "நானும் அதுக்குத்தாண்டி போட்டேன்" என்றார். "கதிர் அருவாதானே?" என்று கேட்டதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அருவா, சுத்தியல், நட்சத்திரம்ல இருந்துச்சு. மாத்தி அமுக்கிட்டேனா?" என்று பதறிவிட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் சிரித்துவிட்டுச் சொன்னார்: "திருப்பூர்ல நிக்கறது சிபிஐ, திண்டுக்கல்லுல நிக்கறது சிபிஎம். உங்கம்மா சரியாத்தான் போட்டிருக்காங்க." சிபிஐ என்றால் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி, சிபிஎம் என்றால் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி.

எனக்கு வயது 41. பதினேழு வயதில் திருப்பூர் வந்து கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) சேர்ந்து, செக்கிங் பார்த்து, இப்போது அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் பவர்டேபிளில் ஓவர்லாக் ஓட்டுகிறேன். சிவப்புக் கொடி பறக்காத தெருவே இல்லாத ஊரில் இத்தனை வருடம் இருந்தும் எல்லாம் ஒரே கொடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் தங்கள் நாளிதழுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் எங்கள் ஊர்ச் செய்தி ஒன்றில் "கம்யூனிஸ்ட் கட்சியினர் மறியல்" என்று தலைப்பு. உள்ளே மூன்று பத்தி எழுதியும் எந்தக் கட்சி என்று ஒரு வரி இல்லை. படத்தின் கீழே சிஐடியு சங்கத்தை இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சங்கம் என்று போட்டிருந்தீர்கள். சிஐடியு மார்க்சிஸ்ட் கட்சியோடு நிற்பது. சிபிஐயோடு நிற்பது ஏஐடியுசி. முன்னது 1970-இல் வந்தது, பின்னது 1920-இல் பம்பாயில் தொடங்கியது. இந்த ஊரில் போனஸ் பேச்சுவார்த்தை என்றால் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் உட்காருகிறார்கள். அதற்காக மாமனையும் மச்சானையும் ஒரே பெயரில் கூப்பிட முடியுமா?

நான் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. பி.எஃப். பணத்தைத் தேடிப்போய்த் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் மாதாமாதம் 12 சதவீதம் பிடித்தார்கள். 2024 தீபாவளிக்கு முன்னால் மகன் என் போனில் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் போட்டுப் பார்த்தபோது பதினாலு மாதமாக ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை என்று தெரிந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டால் ஆபீசில் கேள் என்கிறார், ஆபீசில் கேட்டால் ஆடிட்டரைக் கேள் என்கிறார்கள். யாரோ சங்கத்துக்குப் போகச் சொன்னார்கள். டீக்கடையில் போய், "கம்யூனிஸ்ட் ஆபீஸ் எங்கேங்க?" என்று கேட்டேன். "எந்தக் கம்யூனிஸ்ட்டுங்க?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் எது பக்கமோ அதற்கே போனேன். இன்னார் சங்கம் என்று யோசித்துப் போகவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஒரு பெரியவர். 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த பனியன் ஸ்டிரைக்கில் இருந்தவர். என் மனுவை எழுதிக்கொண்டே, "எதாச்சும் கேக்கணுமா அம்மிணி?" என்றார். "நீங்களும் அவங்களும் ஏங்கய்யா தனித்தனி?" என்று கேட்டேன். மேசை துடைக்க வைத்திருந்த எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பனியன் ஒன்றை எடுத்து விரித்தார். அந்தப் பாடத்தை நான் மறக்கவே முடியாது.

கழுத்துப் பட்டியில் ஒரு வெளிநாட்டு கம்பெனியின் பெயர். "இவன் பையர்" என்றார். தோள்பட்டையைத் தொட்டு, "இது பையிங் ஏஜென்சி." நெஞ்சுப் பக்கம், "இது எக்ஸ்போர்ட் முதலாளி." அதற்குக் கீழே, "இது ஜாப்ஒர்க் எடுத்து ஓட்டறவன், பத்து மிசின் வச்சிருப்பான், அவனே ராத்திரி உக்காந்து அடிப்பான்." கடைசியாக அடிமடிப்பைப் பிடித்து, "இது நீ. இப்பச் சொல்லு, இதுல உன் எதிரி யாரு, கூட்டாளி யாரு?"

நான் எக்ஸ்போர்ட் முதலாளியைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு மூன்று பதில் சொன்னார். முதல் பதில்: பையர்தான் பெரிய எதிரி. அவன் விலையை அமுக்குவதால் உள்ளூர் முதலாளியும் அடிபடுகிறார். ஆகவே ஏகபோகக்காரர்களை விட்டுவிட்டு, நாட்டுப்பற்றுள்ள மற்ற முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு முன்னணி கட்டலாம். தலைமையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இது சிபிஐ அன்று எடுத்த நிலை, 'தேசிய ஜனநாயகப் புரட்சி' என்பார்கள். இரண்டாவது பதில்: பெரிய முதலாளி பையரோடு ஒரு பக்கம் சண்டை போட்டாலும் இன்னொரு பக்கம் கைகோத்துக்கொள்வான், ஊரில் நிலச்சுவான்தாரையும் விடமாட்டான், அரசாங்கமே அவன் கையில்தான் இருக்கிறது. ஆகவே அவனை உள்ளே விடக்கூடாது. பத்து மிசின்காரன் வரலாம், ஆனால் தலைமை தொழிலாளியிடம் இருக்க வேண்டும். இது சிபிஎம்மின் 'மக்கள் ஜனநாயகப் புரட்சி'. மூன்றாவது பதில்: எக்ஸ்போர்ட் முதலாளி தனி ஆளே இல்லை, அவனும் பையரின் தரகன்தான். நாடு இன்னும் பாதி நிலப்பிரபுத்துவத்தில் கிடக்கிறது, முதலில் கிராமத்தில் நிலத்துக்கான போராட்டம். இது நக்சல்பாரியிலிருந்து கிளம்பியவர்களின் 'புதிய ஜனநாயகப் புரட்சி'.

"கட்சித் திட்டத்தைப் பனியன்ல எழுத முடியாது, அரைகுறையா வச்சுக்கோ" என்றும் சொன்னார். அரைகுறைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு, எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகி, வாரத்தில் நாலு நாள் வேலையாகியபோது அந்தப் பனியன் ஞாபகம் வந்தது. முதலாளிக்கும் எனக்கும் எதிரி ஒன்றாக வந்த மாதம் அது. முதல் பதில் சரி என்று அன்று தோன்றியது. அடுத்த வாரம் அதே வரியைக் காரணம் காட்டி பீஸ்ரேட்டைக் குறைத்தார் முதலாளி. இரண்டாவது பதில் சரி என்று தோன்றியது. இது வெறும் நாற்காலிச் சண்டை இல்லை, பதில் தேட வேண்டிய கேள்விதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் பத்திரிகையில் "இடதுசாரிகளுக்குள் கருத்து வேறுபாடு" என்று வரும்போதெல்லாம் அது சீட்டுக்கான சண்டை போலவே வாசிக்கக் கிடைக்கிறது.

ஒன்றாக இருந்த கட்சி இரண்டாகப் பிரிந்தது 1964-இல். ஏப்ரல் மாதம் கட்சியின் தேசிய கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளியே வந்தார்கள், அவர்கள் பக்கம்தான் பிறகு சிபிஎம் ஆனது. நம் என்.சங்கரய்யா அதில் ஒருவர். 2023 நவம்பரில் 102 வயதில் அவர் இறந்தபோது டிவியில் பார்த்துக்கொண்டு நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், யார் என்றே தெரியாமல். கேரளத்து அச்சுதானந்தனும் 2025 ஜூலையில் போனதோடு அந்த 32 பேரும் முடிந்தது. சீனாவா ரஷ்யாவா என்ற சண்டையில் உடைந்தது என்று டீக்கடையில் சொல்வார்கள். 1962 சீனப் போர் ஒரு காரணம்தான், ஆனால் காங்கிரசோடு எவ்வளவு தூரம் போவது என்பதுதான் உள்ளே புகைந்துகொண்டிருந்தது என்கிறார் பெரியவர்.

கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா 1963 ஜனவரியிலேயே, கட்சி பிரியும் முன்பே, காலமாகிவிட்டார். அதனால் அவர் எந்தப் பக்கமும் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆபீசிலும் அவர் படம் மாட்டியிருப்பதன் ரகசியம் இதுதான். தஞ்சையில் பண்ணையாள்களுக்குத் தண்டனையாகத் தந்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழிக்கப் பாடுபட்ட பி.சீனிவாசராவும் அப்படியே, 1961-இல் போய்விட்டார். என் பக்கத்து மிசினில் தைக்கும் தங்கை திருத்துறைப்பூண்டிக்காரி. அவள் பாட்டிக்கு சிபிஐ, சிபிஎம் எதுவும் தெரியாதாம். கேட்டால் "நாங்க சீனிவாசராவ் கட்சி" என்பாராம்.

அவளோடுதான் சென்ற டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணி போனேன். 1968-இல் கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடியைக் கீழே இறக்காததற்காகவும் தலித் மக்கள் 44 பேரை நிலச்சுவான்தார்களின் ஆட்கள் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்திய ஊர். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பெயர்ப் பட்டியலை நின்று படித்தேன். சாதியைப் பற்றி நம் கட்சிகள் அன்றே இன்னும் பலமாகப் பேசியிருக்கலாமே என்று வரும் வழியில் அந்தத் தங்கை சொன்னாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் ஊர் திரும்பினால் சுவரெல்லாம் நூற்றாண்டு போஸ்டர். 1925 டிசம்பர் 26-இல் கான்பூரில் நம் சிங்காரவேலர் தலைமையில் மாநாடு கூடியதைக் கட்சியின் பிறந்தநாளாகக் கொள்கிறது சிபிஐ. "எங்க நூறு 2020-லயே முடிஞ்சுது" என்றார் இன்னொரு ஆபீஸ்காரர். சிபிஎம் கணக்குக்கு 1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட். ஒரே அம்மாவுக்கு இரண்டு பிறந்தநாள்! கூடுதலாக ஒன்று: சிபிஐயின் நல்லகண்ணு அய்யா பிறந்ததும் டிசம்பர் 26-தான், 1924-இல். கட்சிக்கு மூத்தவர்.

இரண்டு பக்கமும் கூசுகிற கேள்விகளையும் கேட்டுவிட்டேன். சிபிஐ பெரியவர் ஒருவரிடம் எமர்ஜென்சியைப் பற்றிக் கேட்டேன். "ஆதரிச்சோம், தப்பு. 1978-ல பட்டிண்டா மாநாட்டுல ஒத்துக்கிட்டோம்" என்று பட்டென்று சொல்லிவிட்டார். சிபிஎம்காரர் ஒருவரிடம் மேற்கு வங்கத்து நந்திகிராமத்தைக் கேட்டேன். 2007 மார்ச் 14, நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்றவர்களில் 14 பேர் செத்தார்கள், சுட்டது இடது முன்னணி அரசின் போலீஸ். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போயிற்று.

தங்கள் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் நக்சல்பாரியிலிருந்து கிளம்பிய அந்த மூன்றாவது கூட்டத்தார் விஷயத்தில். சில மாதங்களுக்கு முன் போஸ்டர் ஒட்டிய நாலு பையன்களை "நக்சல் ஆதரவாளர்கள்" என்று எழுதினீர்கள். அந்த போஸ்டரை நானே பார்த்தேன். சிபிஐ (எம்எல்) லிபரேஷன் என்று பெரிதாகப் போட்டு, மூன்று நட்சத்திரக் கொடியும் இருந்தது. எம்எல் என்றால் மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட். லிபரேஷன் தேர்தலில் நிற்கும் கட்சி. 2020 பீகார் தேர்தலில் 19 இடத்தில் நின்று 12-இல் ஜெயித்தது, 2024-இல் அங்கிருந்து இரண்டு எம்.பி.க்கள். நக்சல் என்பது ஏதோ ஆயுதத்தின் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். அது வங்காளத்தில் நக்சல்பாரி என்ற ஒரு கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. 1967 மே 25-இல் அங்கே போலீஸ் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அந்தப் போராட்டத்தை ஒட்டி சிபிஎம்மிலிருந்து பிரிந்தவர்கள் 1969 ஏப்ரல் 22-இல், லெனின் பிறந்தநாளில், சிபிஐ (எம்எல்) என்று கட்சி வைத்தார்கள். பிறகு அது பல துண்டாகிவிட்டது. சில துண்டுகள் தேர்தலுக்கு வந்தன. ஆயுதத்தை விடாதவர்கள் 2004-இல் சேர்ந்து மாவோயிஸ்ட் கட்சி ஆனார்கள், அது தடை செய்யப்பட்ட கட்சி. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு சொல்லைப் போட்டால் உங்களுக்கு அது ஒரு சொல், அந்தப் பையன்களுக்கு ஜாமீன் கிடைக்காத கேஸ். அதில் ஒருவனின் அம்மா எங்கள் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கிறார். அந்த பேப்பரை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

கட்சிக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல அவர்களுக்கும் பொறுமை இல்லை. ஒரு கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் "திருத்தல்வாதம்னா என்னங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் வகுப்புல வரும்" என்றார். ஒன்றரை வருடமாகிறது, இன்னும் வகுப்பு வரவில்லை.

என் பி.எஃப். கேஸ், கட்டாத பாக்கியைக் கணக்கிடும் 7ஏ விசாரணைக்கு வந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை மூன்றாவது வாய்தா. எங்களோடு வேலை பார்த்த பதினோரு பேரில் ஆறு பேர் ஒரு சங்கம், நாலு பேர் இன்னொரு சங்கம், ஒருத்தி எதிலும் இல்லை. இரண்டு சங்கத்தாரும் வருகிறார்கள், வாசலில் கொடியும் இருக்கும். தங்கள் நிருபர் வந்தால், எது யார் கொடி என்று என்னைக் கேட்கச் சொல்லுங்கள். ஊதா நிறக் குடை வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.

(பெயரும் முகவரியும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அச்சில் வேண்டாம், இப்போதிருக்கும் கம்பெனியிலும் தங்கள் நாளிதழ்தான் வாங்குகிறார்கள்.)