ஆயாவுக்கு முதல் படையல்

பினாங்கு,
5.10.2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முட்டி வலி மட்டும் பழையபடிதான்.

லீட்ஸில் தீபாவளிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். எண்ணெய்க் குளியலும் பலகாரமும் இருக்கட்டும், முதலில் படையலைக் கவனி. சென்ற ஆண்டு ஆயா தவறிய துக்கத்தில் நாம் தீபாவளியே கொண்டாடவில்லை. இந்த ஆண்டுதான் தாத்தாவுக்குப் பக்கத்தில் அவருக்கும் இலை போடப் போகிறோம். தீபாவளி 20ஆம் தேதி, திங்கள்கிழமை. படையல் முந்தின நாள் மாலை. நமக்கு முன்னால் அவர்கள் சாப்பிட்டாக வேண்டும். அதில் மட்டும் மாற்றமில்லை.

மற்றதெல்லாம் போனவர்களின் விருப்பம். புரட்டாசி முடிந்துவிடும் என்பதால் கறிக்குத் தடையில்லை. தாத்தாவுக்கு ஆட்டுக்கறிப் பிரட்டலும் ஒரு பாட்டில் ஸ்டவுட் பீரும். கோயில் ஐயரிடம் கேட்டால் முகம் சுளிப்பார், நான் கேட்பதில்லை. ஆயாவுக்கு நெத்திலிச் சம்பல், முருங்கைக்கீரை, அதிரசம், வெற்றிலை பாக்கு, சௌராஸ்தா சந்தையில் விற்கும் ஜாதிக்காய் ஊறல். லிட்டல் இந்தியாவில் பச்சை நிற நூல் சேலை ஒன்று எடுத்து, முனையில் மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன். படைத்த பிறகு அதை உன் சித்தி கட்டிக்கொள்வாள். சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம்; அப்பா கதவைத் தட்டிய பிறகுதான் உள்ளே போவோம். சின்ன வயதில் நீ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறாய்.

இந்த ஊரில் இதையெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு நம் மகாளய அமாவாசையும் சீனர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்தின் கடைசி நாளும் செப்டம்பர் 21ஆம் தேதி ஒன்றாகவே வந்தன. காலையில் அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்தார். இரவில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி சாலையோரத்தில் காகிதப் பணம் எரித்தார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று உன் பெரியம்மா வீட்டார் வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.

அங்கே வாழை இலைக்கு அலையாதே, தட்டு போதும். ஆனால் ஆளுக்கொரு தட்டு. சாம்பிராணி வேண்டாம், புகை மணி அடித்துக் கட்டடமே தெருவில் இறங்கி நிற்கும். காகத்துக்கு அந்த ஊரிலும் பஞ்சமில்லை, ஒரு பிடி சோறு வெளியே வை.

படைக்கும் வரை எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, உப்புகூட. என் குழம்பின் உப்பை ஆயா குறை சொல்லாத நாளில்லை என்பது உனக்குத் தெரியும். நெத்திலியிலேயே உப்பு உண்டு; சம்பலுக்குக் கொஞ்சமாகப் போடு.

அன்புடன்,
அம்மா