எம்.பி.ஆர். நிலையங்களில் மெம்பரேன் அடைப்பைத் தினமும் பதிவுசெய்ய ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்
அடுக்குமாடிக் குடியிருப்புக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர்கள்,
சென்னை.

பெறுநர்
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை – 600 032.

பொருள்: எம்.பி.ஆர். நிலையப் பதிவேட்டில் உறிஞ்சு அழுத்தத்தையும் நீர் வரத்தையும் குறிப்பதைக் கட்டாயமாக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எம்.பி.ஆர். (மெம்பரேன் பயோரியாக்டர்) என்பது, நுண்ணுயிர்கள் சுத்திகரித்த கழிவுநீரை மெம்பரேன் எனும் நுண்துளை வடிகட்டி வழியே பம்பால் உறிஞ்சி எடுக்கும் நிலையம். வெளிவரும் நீரை மட்டும் சோதித்தால் மெம்பரேனின் நிலை தெரியாது. அடைப்பு ஏற ஏறவும் நீர் தெளிவாகவே வரும், பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிம மாசைக் காட்டும் அளவு) வரம்புக்குள்ளேயே இருக்கும். குறைவது அளவுதான். முடிவில் தொட்டி நிரம்பி, கழிவுநீர் மழைநீர் வடிகாலில் கலக்கிறது.

அடைப்பில் பெரும்பாலும் அதிகம் காண்பது மெம்பரேன் மேல் கசடு படிந்து உண்டாகும் கேக் படலம். அது அழுத்த அழுத்த இறுகும். நீர் குறைகிறதே என்று பம்பின் உறிஞ்சலைக் கூட்டுவது அடைப்பை வளர்ப்பதாகும். இந்தத் தவறுதான் மெம்பரேனை வேகமாகக் கெடுக்கிறது.

உதாரணமாக, ஒரு சதுர மீட்டர் மெம்பரேன் வழியே மணிக்கு 15 லிட்டர் நீர் வரும் வரத்தில் புதிதாக 10 கிலோபாஸ்கல் இருந்த உறிஞ்சல், அதே வரத்தில் 40 ஆக உயர்ந்தால் தடை நான்கு மடங்கு. பம்பை நிறுத்திக் காற்றை மட்டும் ஓடவிட்ட பிறகு, மீண்டும் அதே வரத்தில் இயக்கிப் பார்க்கும்போது 18க்கு இறங்கினால், அந்த 22 கேக்கின் பங்கு. அதற்கு ரசாயனம் வேண்டாம். காற்றுக் குழாய்த் துளைகளைச் சுத்தம் செய்து, கூடுதல் கசடை வெளியேற்றினால் போதும். இறங்காவிட்டால்தான் கரிம அடைப்புக்கு ஹைப்போகுளோரைட், போர்வெல் நீரின் சுண்ணாம்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால் நடுவில் நன்கு அலச வேண்டும். மெம்பரேன் இழைகளுக்கிடையே தலைமுடி முறுக்கிக் கசடு கட்டியாகியிருந்தால் எந்த மருந்தும் உதவாது. மெம்பரேனை வெளியே தூக்கிக் கழுவத்தான் வேண்டும். இதைத் தடுக்க, கழிவுநீர் உள்ளே வரும் இடத்தில் 2 மில்லிமீட்டர் அல்லது அதைவிட நுண்ணிய சல்லடை வேண்டும்.

ஆகவே, தினமும் ஒரே வரத்தில் உறிஞ்சு அழுத்தம், நீர் வரத்து, நீரின் வெப்பநிலை மூன்றையும் பதிவேட்டில் எழுதவும், ஆய்வின்போது அதிகாரிகள் அதைப் பார்க்கவும் ஆணையிட வேண்டுகிறோம். பம்ப் நிற்கும்போது கேஜ் காட்டும் அளவைக் கழித்த பிறகே எழுத வேண்டும். புதிய நிலையங்களுக்கு இயக்க இசைவாணை வழங்கும்போதே சுத்த நீரில் எடுத்த முதல் அளவைக் கேட்டுப் பெறவும் வேண்டுகிறோம். அந்த முதல் அளவு இல்லாத நிலையத்தில் பின்னர் எடுக்கும் எந்த அளவையும் புதிய மெம்பரேனின் நிலையோடு ஒப்பிட வழியில்லை.

இப்படிக்கு,
நிலைய ஆபரேட்டர்கள்